டைவிங் லைட்டு பேட்டரிய செல் மாத்தக் குடுத்து ஏமாந்த கத

திருநவேலி பக்கம் யாராவது பெரிய டார்ச்சு, டைவிங் லைட்டு பேட்டரிய கடையில குடுத்து செல் மாத்தலாம்னு நெனச்சா இத படிச்சிட்டுப் போங்க. கடை பேரு போடல, ஜங்ஷன் பக்கம்னு மட்டும் சொல்லுதேன்.

நான் மஸ்கட்டுல வேல பாக்கேன், லீவு நாள்ல டெக்னிக்கல் டைவிங் போவேன், அதாவது ரொம்ப ஆழத்துலயும் முங்குன கப்பலுக்குள்ளயும் போற டைவிங். எங்கிட்ட இருக்கது கேனிஸ்டர் லைட்டு. பேட்டரி தனியா ஒரு டப்பாவுல இருக்கும், அத வலது இடுப்புல பெல்ட்டுல கோத்து நழுவாம பக்கிள் போட்டு இறுக்கிருவோம், டப்பா மூடியில இருந்து ஒரு ஒயரு நெஞ்சுக்குக் குறுக்க வந்து இடது கைக்குப் போவும், அங்க குட்மேன் ஹேண்டில்ல லைட்டுத் தல புறங்கை மேல உக்காந்திருக்கும், விரலு அஞ்சும் ஃப்ரீ. ஏன் இடது கைன்னா, கூட வாரவனுக்கு காத்து தீந்துட்டுன்னா வலது கையால நம்ம வாயில இருக்க மூச்சுக் கருவிய எடுத்து அவனுக்குக் குடுக்கணும். அதுக்கு சிலிண்டர்லருந்து காத்து கொண்டு வார ஏழடி ஹோஸு டப்பாவுக்கு அடியில ஒதுங்கி நெஞ்சுல ஏறி கழுத்தச் சுத்தி வரும். லைட்டு ஒயரு எப்பவும் ஹோஸுக்கு உள்பக்கமா கெடக்கணும், மேல கெடந்தா குடுக்குற நேரத்துல மாட்டிக்கிடும். இத ஏன் இம்புட்டு வெளக்குதேன்னு பின்னாடி தெரியும்.

என் பேட்டரி பேக்ல 18650ங்கிற சைசு லித்தியம் செல்லு ஒம்பது, ஒண்ணு 3000 எம்ஏஹெச், 11.1 வோல்ட்டு. கணக்குப் போட்டா 100 வாட் அவருக்கு ஒரு மயிரிழ கம்மி, அதத் தாண்டுனா பிளைட்டுல ஏர்லைன்காரன்ட்ட தனியா அனுமதி வாங்கணும், அதுக்காகவே பாத்து வாங்குனது. லைட்டு முந்தி மாதிரி நிக்கலன்னு தூத்துக்குடியில கடலடி வேல பாக்குற என் கூட்டாளி பேக்க பிரிச்சு ஒவ்வொண்ணா அளந்து பாத்தான், மார்க்கர்ல 1ல இருந்து 9 வர நம்பர் போட்டான், 4ம் 7ம் வீக்கு. அவன்ட்ட செல்லச் சேத்து ஒட்டுற ஸ்பாட் வெல்டிங் மிசின் இல்ல, அதனாலதான் கடைக்குப் போனேன்.

கடைக்காரப் பையன் "ரெண்ட மட்டும் மாத்தப்படாதுண்ணே, பழசும் புதுசும் ஒத்துப்போவாது, ஒம்பதையும் மாத்துங்க"ன்னான். நியாயமான பேச்சு, உண்மையும் அதுதான், அங்கதான் நான் கவுந்தேன். ஒரிஜினல் ஜப்பான் செல்லுன்னு சொல்லி 6500 ரூவா. பில்லு கேட்டா துண்டுச் சீட்டு. திரும்ப வாங்கப் போனப்ப பக்கெட்டுத் தண்ணியில முக்கிக் காட்டுனான், எரிஞ்சிச்சு. "ஒயரு நீளமாத் தொங்கிச்சுண்ணே, நீட்டா வெட்டி முடிச்சிட்டேன்"ன்னு அவனா ஒரு போனஸ் வேல வேற. கோட்டிப்பய, அது தொங்குறதுக்குத்தான்டா இருக்கு! ஒரு சாண் போயிருக்கு, நான் ஊருக்குப் போற அவசரத்துல அத வெளங்கவே இல்ல.

மஸ்கட் போறதுக்கு முன்னாடி சோதிப்போம்னு திசையன்விளை பக்கம் சித்தப்பா தோட்டத்துக் கெணத்துல எறங்குனோம், நானும் கூட்டாளியும், சிலிண்டர் அவன் கொண்டாந்தது. கார்த்திக மழைக்கு கெணத்துல நல்ல தண்ணி கெடந்துச்சு. "என்னடே, ஆயன்குளம் கெணத்துல எறங்கவா இம்புட்டு லைட்டு?"ன்னு சித்தப்பா கேலி. 2021 மழையில வெள்ளத்த நாள்கணக்கா குடிச்சும் நெறையாம கெடந்துச்சே, ஐஐடிகாரங்க வந்து அடியில சுண்ணாம்புப் பாற குகைன்னு சொன்னாங்களே, அதுதான். அதுல எறங்குறவன் திரும்ப மாட்டான் சித்தப்பான்னேன்.

இடது கைய நீட்டி செவுத்துல வெளிச்சம் அடிச்சேன், ஒயரு விண்ணுனு இழுத்து நேரா ஹோஸுக்கு மேல ஏறி நிக்கி. கூட்டாளி காத்து இல்லன்னு சைகை காட்டுனான், ஹோஸ எடுத்துக் குடுத்தா ஒயர்ல மாட்டி பாதியில நின்னுட்டு, லைட்டுத் தலய ஹேண்டில்லருந்து உருவி விட்ட பொறவுதான் போச்சு. கடல்ல, அதும் கப்பலுக்குள்ள இருந்திருந்தா? இன்னும் கொஞ்சம் எறங்கி 40 அடி இருக்கும், மூடி ஓரத்துல பொடிப் பொடியா காத்து முட்ட வருது, லைட்டு மினுக்கு மினுக்குன்னு ரெண்டு தடவ அடிச்சு அணஞ்சிட்டு. பேக்கப் டார்ச்ச போட்டுட்டு மேல வந்தோம்.

தண்ணி போன பேட்டரி டப்பாவுல கேஸ் கட்டியிருக்கும், மூஞ்சிக்கு நேரா தொறக்கப்படாது. தள்ளி வச்சு மெதுவாத் திருகுனேன், உஸ்ஸுன்னு காத்து வந்து கருகுன வாட. மூடியில தண்ணி போகாம அடைக்குற ரப்பர் வளையம், ஓரிங், பாத்தா பழசு இல்ல, மோட்டாருக்குப் போடுறதுல ஒல்லியா ஒண்ணு, பள்ளத்துல லூசா சுத்துது. அந்தப் பள்ளத்துலயே ஸ்க்ரூடிரைவர் போட்டு நோண்டுன கீறல் ஒண்ணு, நகத்த வச்சா தட்டுது. டப்பாவே போச்சு.

மேல சுத்துன பிளாஸ்டிக்க கிழிச்சா ஒவ்வொரு செல்லுலயும் 9900 எம்ஏஹெச்னு அச்சடிச்சிருக்கு. அந்த சைசுல நல்ல கம்பெனி செல்லே 3500 பக்கம்தான் வரும். மச்சான் நகப்பட்டறத் தராசுல போட்டோம், 33 கிராம். நல்ல செல்லு 45க்கு மேல இருக்கும். இதுல கூத்து என்னன்னா அந்த அச்ச நம்பி ஏர்போட்டுல கணக்குப் போட்டா 330 வாட் அவரு, பேக்க அங்கனயே புடுங்கி வச்சிருப்பான்.

மறுநாளே கடைக்குப் போனேன். "தண்ணிக்குள்ள கொண்டு போனா நாங்க பொறுப்பில்லண்ணே"ங்கான், டைவிங் லைட்ட பின்ன எங்க கொண்டு போவாவ? பழய செல்லாவது குடுன்னேன், அது செத்துப்போச்சு அன்னைக்கே குப்பையில போட்டாச்சுன்னான். நுகர்வோர் புகார் நம்பர் 1915க்கு போன் போட்டேன், அவங்க மரியாதையாத்தான் பேசுனாங்க, பில்லு இருக்கான்னு கேட்டாங்க, துண்டுச் சீட்டுல கடை பேரே இல்ல.

அவன்ட்ட பேசிக்கிட்டு நிக்கும்போது மேசையில எவனோ குடுத்த சைக்கிள் பேட்டரி பாதி வெல்டிங்கோட கெடந்துச்சு. வெளிர்பச்ச செல்லு. அதுல ரெண்டுல கூட்டாளி கையெழுத்துல 3, 8ன்னு மார்க்கர்ல இருந்துச்சு. காட்டுனேன். "அது வேற பார்ட்டியோடதுண்ணே"ன்னு மேல ஒரு துணிய இழுத்துப் போட்டான்.