விந்து வங்கியில் டோனராகச் சேர்ந்தேன்: ஆலோசகருக்கு முழு மதிப்பெண், விளம்பரத்துக்கு ஒன்றுகூட இல்லை

எட்டு மாதங்களாக ஒரு விந்து வங்கிக்கு டோனராகப் போய் வருகிறேன். குறைகளும் சொல்லப்போவதால் பெயரை எழுதவில்லை. குழந்தைக்காக வங்கியைத் தேடிப் போனவர்களின் அனுபவங்கள் நிறையக் கிடைத்தன. கொடுக்கப் போனவர்கள் எழுதியது நான் தேடியபோது அவ்வளவாக இல்லை. சேரலாமா என்று யோசிக்கும் ஆண்களுக்காக இதை எழுதுகிறேன்.

விளம்பரம் மோசம். ஓய்வு நேரத்தில் வருமானம், உங்கள் பெயர் வெளியே வராது, அவ்வளவுதான். என் மனைவி அதைப் படித்துவிட்டு, "பிறக்கப்போற குழந்தையைப் பத்தி ஒரு வார்த்தைகூட இல்லையே" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இருந்தாலும் விண்ணப்பத்தில் 'பெயர் தெரிவிக்க விருப்பமில்லை' என்ற கட்டத்தில்தான் டிக் அடித்தேன்.

பரிசோதனைகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குடும்ப நோய் வரலாற்றை மூன்று தலைமுறைக்குக் கேட்டார்கள். சித்தப்பாவுக்கு எந்த வயதில் மாரடைப்பு வந்தது என்று அப்பாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி, சிபிலிஸ், குரோமோசோம், தலசீமியா எனப் பட்டியல் நீளம். மாதிரியை மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் உறையவைத்து, திரும்ப உருக்கி, எத்தனை அணுக்கள் இன்னும் நீந்துகின்றன என்று எண்ணுகிறார்கள். பலர் விழுவது இங்கேதான். சொந்தமாகக் குழந்தை பெற்றவர்களும் இதில் தேறாமல் போகலாம், அதில் வெட்கப்பட எதுவுமில்லை. டென்மார்க்கின் கிரையோஸ் வங்கிக்கு விண்ணப்பித்த 11,712 ஆண்களைப் பற்றி 2023இல் ஓர் ஆய்வு வந்தது. கடைசிவரை வந்து மாதிரி பயன்பாட்டுக்குப் போனது 4 சதவீதத்துக்கும் குறைவானவர்களுடையதுதான். அதே ஆய்வில் இன்னொன்றும் உண்டு. அடையாளத்தை வெளியிடச் சம்மதித்தவர்கள் ஆரம்பத்தில் சுமார் 41 சதவீதம்; தேர்வு முன்னேற முன்னேற அந்தப் பங்கு கூடிக்கொண்டே போனது. எனக்கும் அப்படித்தான் ஆனது.

அதற்குக் காரணம் அங்கிருந்த ஆலோசகர் அம்மா. ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து பேசினார். முதல் கேள்வியே, "உங்கள் மாதிரியில் பிறந்த ஒருவர் 18 வயதில் உங்களைத் தேடி வந்து அழைப்பு மணி அடித்தால், கதவைத் திறப்பது உங்கள் மகளாக இருக்கலாம். அவளுக்கு விஷயம் தெரிந்திருக்குமா?" என்பதுதான். அப்புறம் சட்டங்களைச் சொன்னார். ஸ்வீடன் 1985லேயே குழந்தைக்குத் தன் டோனரை அறியும் உரிமையைக் கொடுத்துவிட்டது. பிரிட்டன் 2005 ஏப்ரலில் மாறியது. ஜெர்மனியில் 2018இலிருந்து மத்தியப் பதிவேடு உண்டு, தகவலை 110 ஆண்டுகள் வைத்திருப்பார்கள். பிரான்சில் 2022 செப்டம்பரிலிருந்து, அடையாளம் தரச் சம்மதிக்காதவர் டோனராகவே ஆக முடியாது.

என்னை உலுக்கியது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம். பெயர் வெளிவராது என்ற உறுதியின் பேரில் எப்போதோ கொடுத்தவர்களின் விவரத்தையும் பிள்ளைகள் கேட்டுப் பெறலாம் என்று 2017இல் அங்கே சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதாவது, பெயரை மறைத்து வைப்போம் என்று எந்த வங்கியும் காலத்துக்கும் வாக்குக் கொடுக்க முடியாது. சட்டம் மாறாவிட்டாலும் டிஎன்ஏ இருக்கிறது. 2005இலேயே ஒரு 15 வயதுப் பையன் கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பி, கிடைத்த குடும்பப் பெயரை வைத்துத் தன் டோனரைக் கண்டுபிடித்துவிட்டான். அந்த டோனரோ எந்த மரபணுச் சோதனைக்கும் மாதிரி கொடுத்ததில்லை. இதையெல்லாம் சொல்லிவிட்டு, "அவசரமில்லை, வீட்டில் பேசிவிட்டு வாங்க" என்று அனுப்பினார். இரண்டு வாரம் கழித்துப் போய்க் கட்டத்தை மாற்றினேன்.

பெயர் வெளிவரும் என்றால் ஆள் வரமாட்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. பிரிட்டனில் சட்டம் மாறிய பிறகு புதிதாகப் பதியும் டோனர்கள் கூடியிருக்கிறார்கள். ஆனால் 2020இல் அப்படிப் பதிந்தவர்களில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து மாதிரி இறக்குமதியானவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உள்ளூரில் ஆள் சேர்க்க இந்த ஆலோசகரைப் போல உட்கார்ந்து பேசுபவர்கள் வேண்டும். வங்கிகள் விளம்பரத்துக்குச் செய்யும் செலவை இதற்குச் செய்யலாம்.

என் பெரிய குறை, எத்தனை குடும்பங்கள் என்ற விஷயம். பிரிட்டனில் ஒரு டோனருக்கு அதிகபட்சம் 10 குடும்பங்கள். ஆனால் அது அந்த நாட்டுக்கு உள்ளே மட்டும். மாதிரி பல நாடுகளுக்குப் போனால் ஒவ்வொரு நாட்டிலும் தனிக்கணக்கு. உலகம் முழுவதும் சேர்த்து எத்தனை என்று கேட்டேன். "சட்டப்படிதான்" என்று மட்டும் சொன்னார்கள். மூன்று மின்னஞ்சல் எழுதியும் எண் வரவில்லை. நெதர்லாந்தின் ஹேக் நீதிமன்றம் 2023இல் ஒரு டோனரை இனிமேல் கொடுக்கக் கூடாது என்று தடுத்தபோது, அவருக்குக் குறைந்தது 550 பிள்ளைகள் இருந்தார்கள். அத்தனை உடன்பிறப்புகளோடு ஒரு குழந்தை எப்படி உறவு வைத்துக்கொள்ளும்? என் மாதிரி ஒரு நாட்டைத் தாண்டக் கூடாது என்று எழுத்தில் கேட்டேன். இழுத்தடித்துத்தான் ஒப்புக்கொண்டார்கள். நீங்கள் கேட்காவிட்டால் அவர்களாகச் சொல்லமாட்டார்கள். கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்.

மற்றபடி அறை சுத்தம், ஊழியர்கள் மரியாதையாகப் பேசுகிறார்கள். ஒவ்வொரு முறைக்கும் முன்னால் இரண்டு முதல் ஐந்து நாள் விந்து வெளியேறாமல் இடைவெளி விட வேண்டும். எனக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று மாதம் நிறுத்திவைத்தார்கள். காய்ச்சல் விந்தணுவைப் பாதிக்கும், புதிதாக உருவாக இரண்டரை மாதம்போல ஆகும், அதனால் சரிதான்.

கடைசிப் படிவத்தில், பிறக்கும் பிள்ளைக்கு ஏதாவது எழுதுங்கள் என்று பத்து வரி இடம் விட்டிருந்தார்கள். மனைவியும் நானும் மூன்று இரவுகள் உட்கார்ந்து எழுதினோம். நான்கு பக்கம் வந்துவிட்டது. ஆலோசகர் ஒரு வார்த்தை சொல்லாமல் வாங்கிப் படிவத்தோடு சேர்த்துப் பின் அடித்துவைத்தார்.