தொங்கு பெட்டி: குட்டிகளைப் பிரிக்க நல்லது, வளர்க்கப் போதாது

எலெக்ட்ரிக் யெல்லோ (குட்டிகளை வாயில் அடைகாக்கும் மஞ்சள் நிற மீன், சிக்லிட் குடும்பம்) வளர்ப்பவர்களுக்கு இந்தத் தலைவலி பழக்கமானதுதான். ஒரே தாயின் வாயிலிருந்து ஒரே நாளில் வெளிவந்த குட்டிகள், ஒரே தண்ணீர், ஒரே தீனி. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் நாலைந்து மட்டும் இரண்டரை சென்டிமீட்டருக்கு வளர்ந்து நிற்கும். சில குட்டிகள் ஒன்றரையைக்கூடத் தொட்டிருக்காது.

அதற்காகத்தான் தொட்டியின் வெளிப்பக்கம் மாட்டும் தொங்கு பெட்டி ஒன்றை இணையத்தில் வாங்கினேன். நடுத்தர அளவு, பதினெட்டு சிங்கப்பூர் வெள்ளி சொச்சம். பெட்டியில் பிராண்ட் பெயர் எதுவும் இல்லை. உட்லண்ட்ஸில் நாங்கள் இருப்பது மூவறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. ஹாலில் இன்னொரு தொட்டி வந்தால் தாம் வெளியே போய்விடுவதாக என் வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். மாமியாரும் அவர் கட்சி. தரையில் இடம் பிடிக்காத எதுவும் எனக்கு வரவேற்புக்குரியதே.

வேலை செய்யும் விதம் எளிமையானது. ஏர் பம்ப் தள்ளும் குமிழிகள் ஒரு குழாய் வழியாகத் தொட்டித் தண்ணீரை மேலே தூக்கிப் பெட்டிக்குள் விடுகின்றன. மறுபக்கத்துச் சல்லடை வழியாக அது திரும்பத் தொட்டிக்கே வழிகிறது. தண்ணீர் தொட்டியுடையதே என்பதால் சூடும் தரமும் அப்படியே இருக்கும். தண்ணீரைத் தொட்டியில் மாற்றினால் போதும், பெட்டிக்குத் தனியாகச் செய்ய வேண்டியதில்லை. நம் குழாய்த் தண்ணீரில் கிருமி கொல்லச் சேர்க்கும் குளோரமின் இருக்கிறது, ஒரு நாள் பிடித்து வைத்தாலும் போகாது, அதை முறிக்கும் மருந்து ஊற்றியே ஆகவேண்டும். அந்த வேலை ஒரே இடத்தில் முடிவது பெரிய நிம்மதி.

ஆனால் தொட்டியில் தண்ணீர் மட்டம் இரண்டு விரல் இறங்கினாலே குழாய் திணற ஆரம்பிக்கிறது. நான் தொட்டிமேல் காற்றாடி வைத்திருக்கிறேன், தண்ணீர் மளமளவென்று ஆவியாகும். அதனால் அடிக்கடி ஊற்றி நிரப்ப வேண்டியிருக்கிறது.

இந்தப் பெட்டியில் உண்மையில் காசு பெறுவது நடுவில் செருகும் தடுப்புதான். குட்டிகள் சீராக வளராததற்குத் தீனி குறைவு மட்டும் காரணம் இல்லை. முதலில் கொஞ்சம் பெரிதானது தீனிக்கு முதலில் வரும், தின்னும், இன்னும் பெரிதாகும். பிறகு மற்றவற்றை விரட்டும். விரட்டப்படுவது ஒரு மூலையில் ஒடுங்கி, தீனி கண்ணெதிரே விழுந்தாலும் வராது. அதிகமாகத் தீனி போட்டால் பெரியதன் வயிறுதான் உப்பும், மிச்சம் அழுகித் தண்ணீர் கெடும். பெரியதையும் சின்னதையும் பிரித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை போடுவதுதான் வழி. பிரித்த பிறகு என் சின்னக் குட்டிகளில் பாதிக்கு மேல் வேகம் பிடித்தன. சில கடைசிவரை குட்டையாகவே நின்றன. அவற்றின் பிறவி வாகு அப்படி, பெட்டியைக் குறை சொல்ல முடியாது.

தடுப்பில் இரண்டு குறை உண்டு. ஒன்று, அடியில் இடைவெளி. சின்னது நுழைந்து பெரியவர்கள் பக்கம் போய்விடுகிறது. ஃபில்டர் ஸ்பாஞ்சை மெல்லிய கீற்றாக வெட்டி அடைத்தேன், சரியானது. இரண்டு, தடுப்பு கண்ணாடிபோலத் தெளிவாக இருப்பது. பெரிய குட்டி அந்தப் பக்கமிருந்தே முறைத்துக்கொண்டு தடுப்போடு ஓடும், இந்தப் பக்கம் சின்னவை பயந்து ஒதுங்கும். கறுப்புப் பிளாஸ்டிக் கோப்பு அட்டை ஒன்றை வெட்டிச் செருகிய அன்றே சின்னவை நடுவில் நீந்த ஆரம்பித்தன. தயாரிப்பவர்கள் தடுப்பைக் கறுப்பிலேயே செய்தால் என்ன?

சல்லடைத் துளைகளும் சற்று அகலம். எலெக்ட்ரிக் யெல்லோ குட்டி வெளிவரும்போதே ஓரளவு பெரிது, தப்பிக்காது. தீனிக்காக முட்டையிலிருந்து பொரிக்கவைத்த ஆர்ட்டீமியா எனும் நுண்ணிய இறால்வகைதான் தப்பிக்கும். நம் ஊர் வெயிலுக்கு உப்புத் தண்ணீரில் முட்டையைப் போட்டுக் காற்று விட்டால் ஒரு நாளில் பொரிந்துவிடும், ஹீட்டர் வேண்டாம். அப்படிப் பொரித்ததை ஊற்றினால் ஓட்டத்தோடு தொட்டிக்குள் போய்விடும், பெரிய மீன்களுக்குத்தான் விருந்து. தீனி நேரத்தில் காற்றைக் குறைக்க ஒரு வால்வு வேண்டும். அது பெட்டியோடு வருவதில்லை. ஏர் பம்ப்பும் வருவதில்லை.

வளர்க்கலாமா என்று கேட்டால், முடியாது. உள்ளே இரண்டு லிட்டர் பிடித்தால் அதிகம். அதில் இருபது குட்டியை மாதக்கணக்கில் வைத்தால் எல்லாமே குன்றிப்போகும். நான் சின்னவற்றை மட்டும் சில வாரம் வைத்திருந்து, தேறியதும் கல் இடுக்கு நிறைய உள்ள தொட்டிக்கு மாற்றிவிடுகிறேன்.

இன்னொரு விஷயம். சின்னதையெல்லாம் பெரிய மீனுக்குப் போட்டுவிடு என்று செராங்கூன் நார்த் பக்கத்து மீன்கடை அங்கிள் ஒருவர் சொன்னார். எனக்கு அதில் உடன்பாடில்லை. பல சிக்லிட் இனங்களில் ஆண்தான் வேகமாக வளரும். தேக்கா சந்தையில் நாம் வாங்கும் திலாப்பியாவும் சிக்லிட் குடும்பம்தான். பண்ணைகளில் ஆணை மட்டும் பார்த்து வளர்ப்பது அதனால்தான். பெரியதாகப் பொறுக்கி வைத்துக்கொண்டால் கடைசியில் தொட்டி நிறைய ஆண்களும் அடிதடியும்தான் மிஞ்சும். குட்டையாக இருப்பதில் நல்ல பெண் மீன் இருக்கக்கூடும்.

வாங்குவதாக இருந்தால் நடுத்தர அளவுக்குக் கீழே போகாதீர்கள், சின்ன அளவில் தடுப்பு போட்டால் மீன் திரும்பக்கூட இடமில்லை. தொட்டி விளிம்பில் பிளாஸ்டிக் சட்டம் இருந்தால் கொக்கி மாட்டாது, முதலில் கண்ணாடித் தடிமனை அளந்துகொள்ளுங்கள். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். தடுப்பு கறுப்பாக இருந்திருந்தால் நான்கு.