ஹோவர்டா, ஃபிஸ்க்கா? நான் நாஷ்வில் போன கதை

"ஒரு வாரம் லீவு போட்டிருக்கீங்க, கமலா ஹாரிஸ் படிச்ச காலேஜ் எங்க வீட்டுலேருந்து முக்கால் மணி நேரம். அத விட்டுட்டு நாஷ்வில் எதுக்கு மாப்பிள்ளை?" என்று வர்ஜீனியாவில் இருக்கும் என் மச்சான் போனில் கேட்டார். நியாயமான கேள்விதான். கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கிய, அமெரிக்காவின் வரலாற்றுக் கறுப்பினக் கல்லூரிகளில் ஒன்றையாவது அவசரப்படாமல் பார்க்க வேண்டும் என்பது என் பல வருட ஆசை. கடைசியில் பட்டியலில் நின்றவை இரண்டு: வாஷிங்டனில் உள்ள ஹோவர்டு, டென்னசி மாநிலத்து நாஷ்வில்லில் உள்ள ஃபிஸ்க். நான் ஃபிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தேன். அங்கே மூன்று நாள் இருந்தேன். ஹோவர்டுக்குப் பிறகு போனேன், ஆனால் ஒரே ஒரு மதியம். ஆகவே ஹோவர்டைப் பற்றி நான் சொல்வதில் பாதி, படித்துத் தெரிந்துகொண்டது.

பொதுவான விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். இரண்டும் உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு பிறந்தவை. ஃபிஸ்க் 1866, ஹோவர்டு 1867. இரண்டின் பெயரும் அடிமைகளை விடுவித்த தரப்பின் படைத்தளபதிகளுடையது. ஹோவர்டில் பத்தாயிரத்துக்கும் மேல் மாணவர்கள், மருத்துவம், சட்டம் எல்லாம் உண்டு. ஃபிஸ்க் சுமார் ஆயிரம் பேர் படிக்கும் சின்ன இடம்.

ஹோவர்டு என்றதும் ஹார்வர்டு என்று காதில் விழுவது நம்மவர்களுக்கு வழக்கம். 2020க்குப் பிறகு அது குறைந்திருக்கிறது. திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம் கோயிலில் யாருக்காக அர்ச்சனை நடந்ததோ, அந்தக் கமலா ஹாரிஸ் 1986ல் பட்டம் வாங்கியது இங்கேதான். 2024 நவம்பரில் தோல்வியை ஒப்புக்கொண்டு பேசியதும் இதே வளாகத்தில்தான். எழுத்தாளர் டோனி மாரிசன் 1953ல் இங்கே பட்டம் பெற்றார், பிறகு திரும்பி வந்து பாடமும் நடத்தினார். நடிகர் சாட்விக் போஸ்மன் படித்த நுண்கலைக் கல்லூரிக்கு இன்று அவர் பெயர்.

ஆனால் ஹோவர்டின் உண்மையான பெருமை எனக்கு அதன் சட்டக் கல்லூரிதான். பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியான தர்குட் மார்ஷலின் வீடு பால்டிமோரில். பக்கத்திலேயே இருந்த மேரிலாண்டு பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி கறுப்பினத்தவரைச் சேர்க்காது. அதனால் தினமும் ரயிலேறி வாஷிங்டன் வந்து படித்தார். கட்டணத்துக்கு அம்மா தன் திருமண மோதிரங்களை அடகு வைத்தார். 1933ல் வகுப்பில் முதலிடம். மூன்றே வருடத்தில், தன் ஆசிரியர் சார்ல்ஸ் ஹாமில்டன் ஹூஸ்டனோடு சேர்ந்து வழக்காடி, அதே மேரிலாண்டு கல்லூரியின் கதவைத் திறக்க வைத்தார். 1954ல் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற தீர்ப்பு வரை போன பாதை அங்கே தொடங்கியது. இதற்கு ஈடாகக் காட்ட ஃபிஸ்க்கிடம் ஒன்றும் கிடையாது. அதை ஒப்புக்கொண்டுதான் மேலே எழுதுகிறேன்.

மரபுகள் என்று பார்த்தாலும் ஹோவர்டு களை கட்டும் இடம். வளாகத்தின் நடுப்புல்வெளியை 'யார்டு' என்பார்கள். நான் போன மதியம் ஒரு மாணவர் கூட்டத்திலிருந்து "எச்.யூ!" என்று ஒரு குரல் எழுந்தது, புல்வெளியின் மறுகோடியிலிருந்து "யூ நோ!" என்று பதில் வந்தது. கறுப்பினக் கல்லூரிப் பெண்களின் முதல் சகோதரியர் சங்கமான ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா 1908ல் இங்கே தொடங்கியது; கமலா அதன் உறுப்பினர்.

சரி, அப்புறம் ஏன் ஃபிஸ்க்? எனக்கு முடிவு செய்து கொடுத்தது ஒரே கேள்வி: இந்தக் கட்டிடங்கள் யார் காசில் எழும்பின, யார் காசில் நிற்கின்றன?

ஹோவர்டு அமெரிக்க நாடாளுமன்றத்தின் சட்டத்தால் பிறந்தது. 1879 முதல் மத்திய அரசின் நிதி வருகிறது. இன்று ஆண்டுக்கு 20 கோடி டாலருக்கும் மேல். அதில் தவறே இல்லை. தலைமுறை தலைமுறையாகக் கூலியில்லாமல் உழைத்தவர்களின் பிள்ளைகளுக்கு அரசு கட்டாயம் கொடுக்க வேண்டிய பணம் அது. ஃபிஸ்க்குக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ராணுவ மருத்துவமனையாக இருந்த மரக் கொட்டகைகளில் தொடங்கி, ஐந்தே வருடத்தில் மூடும் நிலைக்கு வந்துவிட்டது. கணக்கு வழக்கைப் பார்த்துக்கொண்டிருந்த ஜார்ஜ் வைட் இசையும் சொல்லிக்கொடுப்பவர். 1871 அக்டோபர் 6 அன்று ஒன்பது மாணவர்களைக் கூட்டிக்கொண்டு, பாடிப் பணம் திரட்டக் கிளம்பினார்.

அந்த ஒன்பது பேரில் பெரும்பாலோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். பியானோ வாசித்த, எல்லா ஷெப்பர்டு என்ற பெண்ணைக் குழந்தையிலேயே அவருடைய அப்பா 350 டாலர் கொடுத்து மீட்டார். சின்சினாட்டியில் இசை கற்றபோது, வெள்ளைக்கார ஆசிரியர் வீட்டுக்கு இரவில், பின்வாசல் வழியாகத்தான் போக வேண்டும். அப்படிக் கற்ற இசைதான் குழுவைத் தாங்கியது. கிளம்பிய சில நாளில் சிகாகோ நகரம் தீப்பற்றி எரிந்தது. ஒரு கச்சேரியில் சேர்ந்த பணம் ஐம்பது டாலர்கூட இல்லை. அதை அப்படியே தீயில் வீடிழந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். கையில் கோட்டுக்குக் காசில்லாத, குளிர் நெருங்கும் நேரம் அது.

முதலில் வெள்ளையர் கேட்டுப் பழகிய பாட்டுகளையே பாடினார்கள், கூட்டம் சேரவில்லை. அம்மாவும் பாட்டியும் பருத்திக்காட்டிலும் இருட்டிலும் பாடிய பக்திப் பாடல்களை மேடைக்குக் கொண்டுவர அவர்களுக்கு மனமில்லை. அவை வெளியாருக்கு அல்ல, வீட்டுக்குள் அழுவதற்கானவை. கடைசியில் அவற்றைப் பாடியபோதுதான் சபை அசைந்தது. 1873ல் இங்கிலாந்தில் விக்டோரியா மகாராணி முன்பு பாடினார்கள். ஜூபிலி பாடகர்கள் என்று பெயர் பெற்ற இவர்கள் கொண்டுவந்த பணத்தில் எழும்பியது ஜூபிலி ஹால். 1876 முதல் குன்றின் மேல் நிற்கும் அந்த ஆறு மாடிக் கட்டிடம் இன்றும் மாணவர் விடுதி. உள்ளே அந்தப் பாடகர்களின் ஆளுயரத்துக்கும் பெரிய ஓவியம். மகாராணி வரையச் சொன்னது என்பது அங்கே வழிவழியாகச் சொல்லும் செய்தி.

நான் போனது அக்டோபர் 6க்கு. ஆண்டுதோறும் அது ஜூபிலி நாள். தேவாலயத்தில் இன்றைய பாடகர்கள் வந்து நின்றார்கள். வாத்தியம் எதுவும் இல்லை. முதல் வரி எப்போது தொடங்கியது என்றே தெரியவில்லை; அவ்வளவு மெல்லிய குரல். என் பக்கத்து இருக்கை மூதாட்டி கைப்பையின் சங்கிலியை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார், சத்தம் வரக்கூடாது என்று. 1871ல் வைட்டின் மாணவர்கள் எப்படிப் பாடியிருப்பார்கள் என்று யோசிக்கத் தேவையே இல்லை, அந்தக் குரல் கைமாறிக் கைமாறி வந்திருக்கிறது. பிறகு பழைய நகரக் கல்லறைக்குப் போய் எல்லா ஷெப்பர்டின் சமாதி முன்னாலும் பாடுவார்கள்.

சொந்தக் கையை நம்பி நிற்பதற்கு விலையும் உண்டு. ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப் 1949ல் பிக்காசோ, செசான், ரெனுவார் உட்பட 101 படைப்புகளை ஃபிஸ்க்குக்குக் கொடுத்தார், விற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு. கல்லூரி நடத்தவே பணமில்லாத நிலையில் 2005ல் இரண்டு ஓவியங்களை விற்க ஃபிஸ்க் முயன்றது; வழக்கு ஏழு வருடம் இழுத்தது. 2012ல் 3 கோடி டாலருக்குத் தொகுப்பின் பாதி உரிமையை ஆர்கன்சா மாநிலத்து அருங்காட்சியகம் ஒன்று வாங்கிக்கொண்டது. இப்போது அந்தத் தொகுப்பு இரண்டு வருடம் அங்கே, இரண்டு வருடம் இங்கே. பாரம்பரியத்தை விற்றார்கள் என்று திட்டுபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கதவு திறந்திருந்தால்தானே சுவரில் படம் மாட்ட முடியும்.

முன்னாள் மாணவர்களிலும் ஃபிஸ்க் இளைத்ததல்ல. கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸ் 1888ல் இங்கே பட்டம் பெற்றவர். நாடாளுமன்ற உறுப்பினராக இருந்து மறைந்த ஜான் லூயிஸ் இங்கே படித்தவர். ஆனால் என் மனதில் நிற்பவர் டயான் நாஷ், ஏனென்றால் எனக்கு முன்னாலேயே இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தவர் அவர். ஹோவர்டில் தொடங்கி 1959ல் ஃபிஸ்க்குக்கு மாறினார். இந்தியாவில் தங்கிக் காந்தியின் வழியைப் படித்துவிட்டு வந்த ஜேம்ஸ் லாசனிடம் பயிற்சி பெற்று, 1960 பிப்ரவரியில், வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த நாஷ்வில் கடைகளின் சாப்பாட்டு மேசைகளில் மாணவர்களோடு போய் உட்கார்ந்தார். ஏப்ரலில், நகரசபைப் படிக்கட்டில், பிரிவினை சரியென்று நினைக்கிறீர்களா என்று மேயரை நேருக்கு நேர் கேட்டார். சரியில்லை என்று மேயர் சொன்னார். மூன்று வாரத்தில் மேசைகள் எல்லோருக்கும் திறந்தன. அப்போது நாஷுக்கு வயது 21.

பிள்ளையைச் சேர்க்க எந்தக் கல்லூரி என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தகுதியில்லை. வகுப்பறைக்குள் நான் உட்காரவில்லை. மருத்துவமோ சட்டமோ என்றால் ஹோவர்டுதான் என்பது பார்த்தாலே தெரிகிறது. பார்க்கப் போகிறீர்கள், ஒன்றுக்குத்தான் நேரமிருக்கிறது என்றால் நாஷ்வில் போங்கள். அக்டோபர் 6ஐ ஒட்டிப் போங்கள். ஓவியத் தொகுப்பு அந்த வருடம் எந்த ஊரில் இருக்கிறது என்று கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். நான் போனபோது அது ஆர்கன்சாவில் இருந்தது. அடுத்த முறை மச்சானையும் கூட்டிக்கொண்டு போவதாக இருக்கிறேன்.