ஏகாண்ட வீணைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்

மகளுக்காகத் தஞ்சாவூரில் ஒரு ஏகாண்ட வீணை செய்யச் சொல்லி ஏமாந்துவிட்டோம். வீணை வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

குடமும் (நாதம் எழும் உருண்டைப் பகுதி) தண்டியும் (தந்திகள் ஓடும் நீண்ட கழுத்து) ஒரே பலாமரத் துண்டில் குடைந்தெடுத்தால் ஏகாண்டம். தனித்தனியாகச் செய்து இணைத்தால் ஒட்டு வீணை. அதில் குறை ஒன்றும் இல்லை, ஆனால் விலை குறைவு. ஏகாண்டம் என்று சொல்லி எங்களிடம் பேசிய விலை 65,000 ரூபாய். 40,000 முன்பணம். மூன்று மாதம் என்றவர் பதினொரு மாதம் இழுத்தார். நடுவில் வாட்ஸப்பில் வந்தவை எல்லாம் யாளி முகம், பூவேலை. பாலீஷ் போடாத மரத்தின் படம் ஒன்றுகூட வரவில்லை. அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

வந்த புதிதில் நாதம் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாவது மாதம் மேல் ஸ்தாயியில் தந்தி, தண்டியின் மேல் மெழுகில் பதித்திருக்கும் உலோக மெட்டுகளில் இடித்துக் கரகரத்தது. மெழுகு இளகி மெட்டு நகர்வது சகஜம் என்பதால், செலவு செய்து 24 மெட்டுகளுக்கும் புதிதாக மேளம் கட்டினோம், அதாவது சுருதி பார்த்து மெழுகில் மறுபடி பதித்தோம். மூன்றே வாரத்தில் பழையபடி ஆகிவிட்டது. அப்புறம்தான் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் நேரான மரச்சட்டம் ஒன்றை வைத்துப் பார்த்து, தண்டியே வளைந்துவிட்டது என்றார். சரியாகக் காயாத மரம். குடமும் தண்டியும் சேரும் இடத்தில் பாலீஷை லேசாகச் சுரண்டினார். மரத்தூளும் பசையும் வைத்து மூடிய ஒட்டு தெரிந்தது. மகள் அழுதுவிட்டாள்.

செய்தவரிடம் கேட்டால், "சென்னை உப்புக்காத்துதாம்மா காரணம்" என்றார். காற்றில் மரம் வளையலாம். ஒட்டு எங்கிருந்து வரும்? அதன்பிறகு அவர் போனை எடுப்பதில்லை.

தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு இருப்பதை நம்பி மட்டும் போகாதீர்கள். குடைந்து முடித்ததும், பாலீஷுக்கு முன்னால், நேரில் போய் மரத்தைப் பாருங்கள். ஏகாண்டமா ஒட்டா என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். கணிசமான தொகையை நிறுத்திவையுங்கள். மேளம் கட்டி, உங்கள் ஆசிரியர் மூன்று ஸ்தாயியும் வாசித்துப் பார்த்த பிறகு மீதியைக் கொடுத்தால் போதும்.

எங்களிடம் ரசீது இல்லை. 'ஏகாண்டம்' என்று அவர் வாயாலேயே சொன்ன ஒரு குரல் பதிவு மட்டும் இருக்கிறது. அதை வைத்து நுகர்வோர் ஆணையத்துக்குப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறோம். மகள் இப்போது ஆசிரியரின் வீணையில்தான் சாதகம் செய்கிறாள். அதுவும் தஞ்சாவூரில் செய்ததுதான். நாற்பது வருடமாகியும் தண்டி இம்மி வளையவில்லை.