ஓதம் கணிக்க: தனிக்கருவியா, பொதுக்கருவியா?

குளச்சலில் நாளை எப்போது கடல் ஏறும்? 1872-இல் வில்லியம் தாம்சன் (பின்னாளில் கெல்வின் பிரபு) வடிவமைத்த கருவி, கப்பிகளைச் சுழற்றி, நிலவும் கதிரவனும் எழுப்பும் கடல் ஏற்றவற்றங்களை, அதாவது ஓதங்களை, கூட்டித் தாளில் வரையும். எந்தத் துறைமுகத்துக்கும் திருத்தி அமைக்கலாம். அருமையான வேலைப்பாடு! ஆனால் ஓதத்தைத் தாண்டி அதற்கு எதுவும் தெரியாது.

1936-இல் கணிதவியலாளர் ஆலன் டியூரிங் ஒரு கட்டுரையில் விவரித்த பொது எந்திரமோ, வேறெந்தக் கணக்கீட்டு எந்திரத்தின் விவரிப்பையும் நாடாவில் படித்து, அதைப் போலவே இயங்கும். மீனவர் கையிலுள்ள செல்பேசி அந்த இனம்: ஓதம் கணித்த கையோடு தோவாளைப் பூச்சந்தைக் கணக்கும் போடும்.

ஒரே வேலைக்கென்றால் தனிக்கருவி வேகத்தில் முந்தலாம். என் தேர்வு பொதுக்கருவியே. புதுக் கேள்விக்குப் புதுச் சக்கரம் வெட்ட வேண்டாம். நிரலை மாற்றினால் போதும். பொதுக்கருவியாலும் தீராத கேள்விகள் உண்டென்று அதே கட்டுரையில் டியூரிங்கே நிறுவியிருக்கிறார்.