சுண்டெலி: பிடிப்பதா, வழியை அடைப்பதா?

சிங்கப்பூர் அடுக்குமாடி பிளாக்கில் ஒரு வீட்டில் எலி என்றால் போதும், வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். கம் அட்டை, பொறி, எலி மருந்து, பிளக்கில் சொருகும் அல்ட்ராசோனிக் கருவி, இப்போது பூனையும். எதை வாங்கினாலும் சரி, வந்த வழி திறந்தே கிடந்தால் அடுத்தது அதே வழியில்தான் வரும், அதனால் ஓட்டை அடைப்பதையும் சேர்த்தே ஒப்பிடுவோம்.

முதலில் கம் அட்டை. மலிவு, எங்கும் கிடைக்கும், ஆனால் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. ஒட்டிக்கொண்ட எலி சாகாமல் மணிக்கணக்கில் கத்தும், அதை என்ன செய்வது என்று நீங்கள்தான் முழிக்க வேண்டும். பாதி நாள் எலிக்குப் பதில் பல்லிதான் மாட்டும். தூசி படிந்தால் பசையும் போய்விடும்.

அதைவிட ஸ்பிரிங் பொறி எவ்வளவோ மேல். சரியாக அடித்தால் எலி உடனே செத்துவிடும். சுண்டெலி சுவரை ஒட்டியே ஓடும், எனவே பொறியைச் சுவருக்குக் குறுக்காக, தீனி வைக்கும் பக்கம் சுவரைத் தொடும்படி வையுங்கள். தீனிக்கு ஒரு பொட்டு நிலக்கடலை வெண்ணெய் போதும், தேங்காய்ச் சில்லும் சரிதான். நிறைய வைத்தால் ஓரமாக நக்கிவிட்டுப் போய்விடும். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் மட்டும் கூண்டுப் பொறி.

மருந்தை வீட்டுக்குள் வைக்கவே வேண்டாம். கடையில் கிடைப்பதில் பெரும்பாலானவை இரத்தத்தை உறையவிடாமல் செய்பவை, தின்ற எலி சாகச் சில நாள் ஆகும், அதற்குள் கேபினட்டுக்குப் பின்னால் போய்ச் செத்தால் நம்ம ஊர் வெயிலுக்கு அந்த நாற்றத்தைக் கேட்கவே வேண்டாம். அந்த எலியைத் தின்னும் பூனைக்கும் ஆபத்து.

அல்ட்ராசோனிக் கருவிக்குக் காசைக் கொட்டாதீர்கள். அந்த ஒலி சுவரையோ அலமாரியையோ தாண்டாது, எலிக்கும் சீக்கிரமே பழகிவிடும். பூனை? 2024 செப்டம்பரிலிருந்து வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் இரண்டு வரை உரிமத்தோடு வளர்க்கலாம். ஆசைக்கு வளருங்கள், எலிக்காக வேண்டாம், சாப்பாடு கிடைக்கிற பூனை எல்லாம் வேட்டையாடும் என்று சொல்ல முடியாது.

இப்போது ஓட்டை. ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் இடைவெளி, அதாவது பென்சில் நுழையும் அளவு இருந்தால் சுண்டெலி புகுந்துவிடும். குழாயைப் பிடித்து ஏறும், அதனால் மேல்மாடி என்று நிம்மதியாக இருக்க முடியாது. சமையலறைத் தொட்டிக்குக் கீழே குனிந்து, கழிவுக் குழாய் சுவருக்குள் போகும் இடத்தில் உள்ள வட்டத் தட்டை நகர்த்திப் பாருங்கள். சுற்றிலும் இடைவெளி, ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி கறுப்புத் தடம், கீழே அரிசியை விடச் சின்னதாகக் கூர்முனைப் புழுக்கை இருந்தால், வழி அதுதான். பழைய வீடுகளில் சமையலறைக்குள்ளேயே இருக்கும் குப்பை போடும் குழாயின் மூடி, ஏர்கான் குழாய் நுழையும் துளை, வாசல் கதவின் அடி இடைவெளி ஆகியவற்றையும் பாருங்கள்.

எதை வைத்து அடைப்பது? ஸ்ப்ரே ஃபோம் சுலபம்தான், ஆனால் எலி அதைக் கடித்துக் குடைந்துவிடும். சாதாரணக் கம்பி நார் இந்த ஈரத்துக்குத் துருப்பிடிக்கும். பாத்திரம் தேய்க்கும் எவர்சில்வர் நாரை இறுக்கித் திணித்து மேலே சிலிக்கன் பூசினால் நிற்கும், பெரிய ஓட்டைக்குச் சிமெண்ட். கதவடிக்கு வெறும் ரப்பர் பட்டையை விட உலோகப் பட்டை வைத்தது நல்லது.

வேலை வரிசை இதுதான்: ஓட்டைகளை அடைத்துவிட்டு, உள்ளே மாட்டிக்கொண்டதற்குப் பொறி. சுண்டெலி மூன்றே வாரத்தில் குட்டி போடும், தள்ளிப்போடாதீர்கள். புழுக்கையைக் காய்ந்தபடியே பெருக்காமல், குளோராக்ஸ் பிளீச் கலந்த தண்ணீர் தெளித்து ஊறவிட்டுத் துடையுங்கள். கீழ்த்தளப் புல்தரையில் வளை தெரிந்தால் அது பெரிய எலி, நகர மன்றத்தின் வேலை. படம் எடுத்து, புகார் சொல்லும் ஒன்சர்வீஸ் செயலியில் போட்டுவிடுங்கள்.