பி.எஃப். இணையச் சேவை: வேலை போய்ச் சேலம் திரும்பியவர்களுக்குக் கைகொடுக்கிறதா?

பெங்களூரு, ஓசூர், சென்னை என்று வேலைக்குப் போய், ஆட்குறைப்பில் சிக்கிச் சேலத்துக்கே திரும்புகிறவர்கள் முதலில் நம்பியிருப்பது பி.எஃப். பணத்தை. விவரங்கள் ஒத்துப்போனால் இந்தச் சேவைக்கு 5-க்கு 4 மதிப்பெண் தாராளமாகத் தரலாம். ஒன்று பிசகினாலும் 2-க்கு மேல் தர மனம் வராது.

பிசகு பெரும்பாலும் கம்பெனி பக்கம்தான் தொடங்குகிறது. கொரோனா காலத்தில் அளவுக்கு மீறி ஆளெடுத்த பெரிய கம்பெனிகள், வியாபாரம் மந்தமானதும் சுற்றுச் சுற்றாக ஆளைக் குறைத்தன. பேஸ்புக்கை நடத்தும் மெட்டா 2022 நவம்பரில் 11,000 பேரைக் குறைத்தது. 2023 மார்ச்சில் இன்னும் 10,000 பேர் என்று அறிவித்தது. முதல் சுற்றிலேயே ஆளெடுக்கும் பிரிவுக்குத்தான் பலத்த அடி. இப்படி அடுத்தடுத்த சுற்றில் எச்.ஆர்., சம்பளப் பிரிவு ஆட்களும் போய்விட்டால், முன்னால் போனவரின் வெளியேறிய தேதியை யார் பதிவது? அந்தத் தேதி ஏறாமல் இறுதித் தொகைக்கு விண்ணப்பிக்க முடியாது.

இந்தச் சேவையில் மெச்ச வேண்டிய வசதி இங்கேதான் இருக்கிறது. கடைசிச் சந்தா விழுந்து 2 மாதம் கழிந்ததும், உறுப்பினர் தளத்தில் 'மேனேஜ்' பகுதியில் உள்ள 'மார்க் எக்ஸிட்' வழியாக, ஆதார் ஓடிபி கொடுத்து நாமே தேதியைப் பதியலாம். கடைசிச் சந்தா எந்த மாதத்துக்கோ, அந்த மாதத்துத் தேதியாக இருக்க வேண்டும். பதிந்தபின் நாமாக மாற்ற முடியாது. பாஸ்புக்கைத் திறந்துவைத்துப் பார்த்துவிட்டே பதியுங்கள்.

அடுத்த முட்டுக்கட்டை நம் இனிஷியல். ஆதாரில் 'செந்தில்குமார் பி', பி.எஃப். பதிவில் 'பழனிசாமி செந்தில்குமார்' என்றிருந்தால் விண்ணப்பம் திரும்பிவிடும். 2017 அக்டோபர் 1-க்குப் பிறகு வாங்கி, ஆதாரோடு சரிபார்த்த யுஏஎன் (கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். உறுப்பினர் எண்) என்றால், 2025 ஜனவரியிலிருந்து கம்பெனி ஒப்புதல் இல்லாமலே பெயரைத் திருத்திக்கொள்ளலாம். அதற்கு முந்தைய எண்காரர்கள்தான் பாவம், மறுபடியும் அதே எச்.ஆர். வாசலில் நிற்க வேண்டும்.

அவசரத்தில் பலர் இழப்பது வரியில். மொத்தப் பணிக்காலம் 5 வருடத்துக்குக் குறைந்து, தொகை 50,000 ரூபாயைத் தொட்டால், பான் இருந்தும் பொதுவாக 10 சதவீதம் வரி பிடிப்பார்கள். மூன்று கம்பெனியில் இரண்டிரண்டு வருடம் வேலை பார்த்தவர் பழைய கணக்குகளை முதலில் ஒன்றுக்கு மாற்றிக்கொண்டால் 6 வருடமாகிவிடும். மாற்றாமல் ஒவ்வொன்றாக எடுக்காதீர்கள்.

கம்பெனி போடும் 12 சதவீதமும் பி.எஃப். இருப்பில் சேராது. 15,000 ரூபாய் சம்பள வரம்புக்கு 8.33 சதவீதம், அதாவது மாதம் 1,250 ரூபாய், பென்ஷனுக்குப் போகிறது. ஏமாற்றிவிட்டார்கள் என்று பதற வேண்டாம். 10 வருடம் முடிந்தால்தான் மாதப் பென்ஷன். 7, 8 வருடத்தில் நிற்பவர்கள் அந்தப் பணத்தை எடுக்காமல், 10-சி படிவத்தில் திட்டச் சான்றிதழ் (இதுவரையான பென்ஷன் பணிக்காலத்தை அடுத்த வேலையோடு சேர்க்க உதவும் சான்று) கேட்பதே நல்லது. வயதான காலத்துப் பணம் அது.

பிரவுசிங் சென்டரில் விண்ணப்பித்தாலும் ஓடிபியை நீங்களே தட்டுங்கள், கடவுச்சொல்லை அங்கே விட்டுவராதீர்கள். இணையத்தில் தீராத சிக்கலுக்கு, மாதந்தோறும் 27-ஆம் தேதி மாவட்டத்துக்கு மாவட்டம் பி.எஃப். குறைதீர் முகாம் நடக்கிறது. ஆதார், வங்கிப் புத்தகம், வேலை நியமனக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட பக்கத்தின் அச்சு ஆகியவற்றோடு போங்கள்.